பழைய டோட்டல் ஸ்டேஷனைச் சீரியல் போர்ட் வழியாகக் கணினியுடன் இணைப்பது எப்படி? முதன்முறை செய்வோருக்கான வழிகாட்டி

தூரத்தையும் கோணத்தையும் அளக்கும் நில அளவைக் கருவியான டோட்டல் ஸ்டேஷன் ஒன்றைப் பழையதாக வாங்கி, அதைக்கொண்டு ஒரு மனைப்பிரிவை அளந்து முடித்த பிறகு, அதிலிருந்த 412 புள்ளிகளைக் கணினிக்குக் கொண்டுவர முடியாமல் மூன்று நாள் திண்டாடினேன். ஒரே சமயத்தில் இரண்டு குறைகள் இருந்ததே அதற்குக் காரணம் என்பது பின்னால்தான் புரிந்தது: கணினியில் டிரைவர் சரியாக அமர்ந்திருக்கவில்லை, கேபிளுக்குள் ஒரு கம்பியும் அறுந்திருந்தது. ஒன்றைச் சரிசெய்தாலும் மற்றொன்று தடுத்ததால், சரியாகச் செய்ததையே தவறென்று எண்ணித் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தேன். ஆகவே நீங்கள் கணினியில் தொடங்கி, கன்வெர்ட்டர் (யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் பொருள்), கேபிள், கருவியின் அமைப்பு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்து, ஒன்று சரியென்று உறுதியான பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். ஒரு சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் இடையே ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள்.

என் கையிலிருப்பது சொக்கியா நிறுவனத்தின் செட் வரிசைக் கருவி என்பதால் எடுத்துக்காட்டுகளை அதிலிருந்தே தருகிறேன். டாப்கான், லைக்கா கருவிகளில் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

1. முதலில் ஆவணங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

கருவியைத் தொடுவதற்கு முன் அதன் மாதிரி எண்ணையும் வரிசை எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே வரிசையைச் சேர்ந்த இரு மாதிரிகளுக்கிடையே கூட மெனுவும் தகவல் தொடர்பு அமைப்பும் மாறக்கூடும். பல கருவிகளுக்கு இரண்டு கையேடுகள் உண்டு. ஒன்று, களத்தில் கருவியை இயக்குவதற்கானது. மற்றொன்று, சீரியல் போர்ட்டின் (தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் பழைய வகை இணைப்பின்) முனைகள், வேகம், கட்டளைகள் ஆகியவற்றை விளக்குவது. விற்பவர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே தருவார்கள், ஆனால் நமக்கு வேண்டியது இரண்டாவது. கருவியை இன்னும் வாங்காதவராக இருந்தால், விலை பேசும்போதே டேட்டா கேபிளையும் இரண்டு கையேடுகளையும் சேர்த்துக் கேளுங்கள். விற்பவரின் இடத்திலேயே ஒரு ஜாபை, அதாவது ஒரு வேலையின் அளவீட்டுத் தொகுப்பை, கணினிக்கு அனுப்பிக் காட்டும்படி வற்புறுத்துங்கள். அதற்கு அரை மணி நேரம் போதும், பணம் கைமாறிய பிறகு அந்த அரை மணி நேரம் உங்களுக்குக் கிடைக்காது.

கருவியில் தற்போதுள்ள அமைப்புகள் எல்லாவற்றையும், எதையும் மாற்றுவதற்கு முன், திரை திரையாகக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய உரிமையாளர் அதே கேபிளைக்கொண்டு தரவை எடுத்துவந்தவராக இருந்தால், அவர் வைத்திருந்த அமைப்பே சரியான விடையாக இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி.

2. வாங்க வேண்டியவையும் செலவும்

இன்றைய மடிக்கணினிகளில் 9 முனை சீரியல் போர்ட் இருப்பதில்லை. எனவே யுஎஸ்பி–சீரியல் கன்வெர்ட்டர் ஒன்று தேவை. இதில்தான் புதியவர்கள் முதலில் ஏமாறுகிறார்கள். சென்னை ரிச்சி தெருவிலோ இணையக் கடையிலோ யுஎஸ்பி–சீரியல் என்று கேட்டால் இரண்டு வகைப் பொருள்களில் எதையும் தரக்கூடும். ஒன்று, மின்னணுப் பயிற்சிப் பலகைகளுக்கான டிடிஎல் வகைச் சிறு பலகை. அதில் மின்னழுத்தம் 0 முதல் 5 வோல்ட் வரைதான் இருக்கும். மற்றொன்று, நமக்கு வேண்டிய ஆர்எஸ்-232 வகை. அதில் சைகை 3 முதல் 15 வோல்ட் வரை நேர்மறையாகவும் எதிர்மறையாகவும் மாறிமாறிச் செல்லும். டிடிஎல் பலகையை அளவைக் கருவியோடு நேரடியாக இணைத்தால் தரவு வராது என்பது மட்டுமன்று, அந்த மின்னழுத்தத்தைத் தாங்காமல் பலகை கெட்டுப்போகவும் கூடும். ஆர்எஸ்-232 என்று அட்டையில் தெளிவாக எழுதியிருந்து, 9 முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆண் இணைப்பியும் இருந்தால் மட்டுமே வாங்குங்கள்.

அடுத்ததாக, கன்வெர்ட்டருக்குள் இருக்கும் சில்லு எதுவென்று கேளுங்கள். எஃப்டிடிஐ, பிஎல்2303, சிஎச்340 ஆகிய மூன்றையே கடைகளில் அதிகம் காணலாம். பிஎல்2303 சில்லின் பழைய பதிப்புகளுக்கான ஆதரவைப் புதிய விண்டோஸ் டிரைவர்கள் நிறுத்திவிட்டன. அவற்றைச் செருகினால் போர்ட் தோன்றும், ஆனால் அதன்மேல் மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறி இருக்கும். எஃப்டிடிஐ சில்லுக்குப் போலிகள் உண்டு. அந்த நிறுவனத்தின் சில டிரைவர் பதிப்புகள் போலியைக் கண்டால், இது அசல் சாதனம் அன்று என்னும் பொருள்படும் ஆங்கில வரியை உங்கள் தரவுக்கு நடுவிலேயே கலந்துவிடும். அளவைக் கோப்பில் அப்படியொரு வரி வந்தால் கருவியைக் குறை கூற வேண்டாம்.

நான் செலவழித்த கணக்கு இது. விலையின் சுமாரான அளவை அறிவதற்காக மட்டும் சொல்கிறேன், கடைக்குக் கடை இது மாறும். முதலில் வாங்கிய மலிவான கன்வெர்ட்டர் 350 ரூபாய், அதை விட்டுவிட்டு வாங்கிய எஃப்டிடிஐ கன்வெர்ட்டர் 1,400 ரூபாய், புதிய டேட்டா கேபிள் 1,800 ரூபாய், மல்டிமீட்டர் 300 ரூபாய். நிறுவனத்தின் அசல் கேபிளுக்கு இதைவிடக் கூடுதலாகக் கேட்டார்கள். மலிவான கன்வெர்ட்டர் எல்லாமே பயனற்றவை என்று நான் சொல்லமாட்டேன். சிஎச்340 சில்லுள்ள ஒன்றை நண்பர் ஒருவர் இன்றும் பயன்படுத்துகிறார். ஆனால் தரவு உரிய நேரத்தில் கையில் வரவேண்டிய தொழிலில் இருப்பவர் அந்த ஆயிரம் ரூபாய் வேறுபாட்டைத் தயங்காமல் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

3. கணினியில் போர்ட் எண்ணை உறுதிசெய்யுங்கள்

கருவியை இணைக்காமல், கன்வெர்ட்டரை மட்டும் செருகுங்கள். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் போர்ட்டுகள் பகுதியைத் திறந்தால் காம்3, காம்7 என்பது போல ஓர் எண்ணுடன் அது தோன்றும். எச்சரிக்கைக் குறி இருந்தால் டிரைவரைச் சரிசெய்யும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். பழைய அளவை மென்பொருள்கள் சில காம்1 முதல் காம்4 வரை மட்டுமே பட்டியலிடும். கன்வெர்ட்டருக்குக் காம்12 போன்ற பெரிய எண் கிடைத்திருந்தால் அவற்றின் கண்ணுக்கே அது தெரியாது. அதே பகுதியில் அந்தப் போர்ட்டின் பண்புகளைத் திறந்து, மேம்பட்ட அமைப்புகளுக்குள் சென்று, எண்ணைச் சிறியதாக மாற்றலாம். கன்வெர்ட்டரை எப்போதும் ஒரே யுஎஸ்பி துளையிலேயே செருகுங்கள், துளை மாறினால் எண்ணும் மாறக்கூடும்.

லினக்ஸ் பயன்படுத்துவோர், பெரும்பாலான பதிப்புகளில், தங்கள் பயனர் கணக்கைச் சீரியல் போர்ட்டுக்கு அனுமதி தரும் டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வந்தால் போதும்.

4. கன்வெர்ட்டரை மட்டும் சோதியுங்கள்

இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். முதல் நாளே இதைச் செய்திருந்தால் எனக்கு இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்.

சீரியல் போர்ட்டில் வருவதைத் திரையில் காட்டப் பயன்பட்ட ஹைப்பர்டெர்மினல் மென்பொருள் விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே விண்டோஸுடன் வருவதில்லை. அதற்குப் பதிலாக டெரா டெர்ம் அல்லது புட்டி என்னும் இலவச மென்பொருளை நிறுவி, உங்கள் போர்ட் எண்ணைத் தேர்ந்தெடுத்து, ஃப்ளோ கண்ட்ரோலை (பெறும் பக்கம் அனுப்பும் பக்கத்தைச் சற்று நிறுத்தச் சொல்லும் முறையை) இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். கன்வெர்ட்டரின் 9 முனைகளில் 2ஆம் முனை தரவைப் பெறுவது, 3ஆம் முனை தரவை அனுப்புவது, 5ஆம் முனை பொது இணைப்பு. சிறு கம்பித் துண்டாலோ கிளிப்பாலோ 2ஐயும் 3ஐயும் மட்டும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டு, விசைப்பலகையில் எதையாவது தட்டச்சிடுங்கள். தட்டிய எழுத்து திரையில் தோன்ற வேண்டும், கம்பியை எடுத்தவுடன் தோன்றாமல் போக வேண்டும். கம்பியை எடுத்த பிறகும் எழுத்து தெரிந்தால், மென்பொருளில் லோக்கல் எக்கோ (தட்டிய எழுத்தை மென்பொருளே திரையில் காட்டும் வசதி) இயங்குகிறது என்று பொருள்; அதை நிறுத்திவிட்டு மீண்டும் சோதியுங்கள்.

இது சரியாக நடந்தால் கணினி, டிரைவர், கன்வெர்ட்டர் மூன்றும் நலம். இனி எந்தச் சிக்கல் வந்தாலும் இவற்றின் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

5. கேபிளைச் சோதித்த பிறகே கருவியில் செருகுங்கள்

சொக்கியா, டாப்கான் கருவிகளில் 6 முனை வட்ட இணைப்பியையும் லைக்காவில் 5 முனை லெமோ இணைப்பியையும் பரவலாகக் காணலாம். கேபிள் துளைக்குள் பொருந்திவிட்டது என்பதற்காக உள்ளே கம்பிகள் சரியான முனைகளுக்குச் செல்கின்றன என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. லைக்காவின் 5 முனைகளில் ஒன்று வெளியிலிருந்து 12 வோல்ட் மின்சாரம் தருவதற்கானது. இடம் மாறிய கம்பி அங்கே தொட்டால் சேதம் பெரிது. எனவே கையேட்டில் உள்ள முனைப்படத்தை எதிரில் வைத்துக்கொண்டு, மல்டிமீட்டரின் தொடர்ச்சிச் சோதனையால் ஒவ்வொரு கம்பியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். அப்போது கேபிளை இணைப்பிக்கு அருகில் மெதுவாக வளைத்துப் பாருங்கள், ஏனெனில் கம்பிகள் பெரும்பாலும் அந்தக் கழுத்துப் பகுதியில்தான் அறுகின்றன. என் கேபிள் நேராக நீட்டியிருந்தபோது மீட்டர் ஒலித்தது, சற்று வளைத்தவுடன் ஒலி நின்றது.

சில பழைய கேபிள்களின் கணினி முனை 25 முனைகள் கொண்டதாக இருக்கும். அதில் 2ஆம் முனை அனுப்புவது, 3ஆம் முனை பெறுவது, 7ஆம் முனை பொது இணைப்பு. 9 முனையில் உள்ளதற்கு இது நேர்மாறு என்பதால், கைக்குக் கிடைத்த கம்பியை வைத்து நீங்களே மாற்றிணைப்பு செய்யாமல், 25க்கு 9 என்று விற்கும் ஆயத்த இணைப்பியையே பயன்படுத்துங்கள்.

இணைக்கும்போது கருவி அணைந்திருக்க வேண்டும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் இயக்குங்கள், சார்ஜர் வழியாகக் கசியும் மின்சாரம் போர்ட்டைப் பாதிக்காமலிருக்க இது உதவும். வட்ட இணைப்பியில் உள்ள புள்ளியையோ பள்ளத்தையோ பார்த்து நேராகச் செருகுங்கள். லெமோ வகையை ஒருபோதும் திருகக் கூடாது, எடுக்கும்போது வெளி வளையத்தைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். வளைந்த முனையை நிமிர்த்த முயன்றால் அது ஒடிந்துவிடும்; புதிய இணைப்பி பொருத்துவதென்றால் கருவியைப் பழுதுநீக்குபவரிடம் அனுப்பித்தான் ஆக வேண்டும்.

6. இரு பக்கமும் ஒரே அமைப்பை வையுங்கள்

பாட் ரேட் (அனுப்பும் வேகம்), டேட்டா பிட் (ஓர் எழுத்துக்கான பிட்டுகள்), பாரிட்டி (பிழை காண உதவும் கூடுதல் பிட்), ஸ்டாப் பிட் (எழுத்தின் முடிவுக் குறி), ஃப்ளோ கண்ட்ரோல் ஆகிய ஐந்தும் கருவியிலும் கணினியிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். சொக்கியா செட் வரிசையில் கான்ஃபிக் திரைக்குள் காம்ஸ் செட்டப் என்னும் பகுதியில் இவற்றைக் காணலாம். 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட், எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் (ஃப்ளோ கண்ட்ரோலின் ஒரு வகை) இயங்கும் நிலை, செக்சம் (பிழை காண உதவும் கூட்டுத்தொகை) இல்லை என்று வைத்துக்கொண்டால் தொடங்குவதற்கு எளிது.

பாட் ரேட்டை எவ்வளவு வைப்பது? இந்த அமைப்பில் ஓர் எழுத்துக்கு 10 பிட் செலவாகும். 1200 பாட் என்றால் வினாடிக்கு 120 எழுத்து. சொக்கியாவின் தரவு வடிவமான எஸ்டிஆர்33இல் ஓர் ஆயத்தொலைவு வரி, வரி முடிவுக் குறிகளையும் சேர்த்து 86 எழுத்து நீளமுடையது. ஆக 1,000 புள்ளிகளுக்கு 1200 பாட் வேகத்தில் ஏறத்தாழ 12 நிமிடமும், 9600 பாட் வேகத்தில் ஒன்றரை நிமிடமும் ஆகும். முதல் சோதனையை 1200இல் செய்து வெற்றி கண்ட பிறகு 9600க்கு மாறுங்கள். அதற்குமேல் வேகத்தைக் கூட்டுவதால் மிச்சமாவது ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. விடுபட்ட ஓர் எழுத்தைத் தேடுவதற்கு ஒரு மாலைப்பொழுதே போகும்.

7. தரவை அனுப்பிப் பதிவுசெய்யுங்கள்

பேட்டரியை முழுமையாக ஏற்றிக்கொண்டு, கருவி தானாக அணையும் அமைப்பையும் கணினி உறக்கநிலைக்குச் செல்லும் அமைப்பையும் தற்காலிகமாக நிறுத்துங்கள். டெரா டெர்மில் முதலில் லாக் பதிவைத் தொடங்குங்கள். பிறகுதான் கருவியில் மெம் திரைக்குச் சென்று, ஜாப், காம்ஸ் அவுட்புட் ஆகியவற்றின் வழியே உரிய ஜாபைத் தேர்ந்து அனுப்ப வேண்டும். இந்த வரிசை மாறினால் தலைப்பு வரிகள் பதிவாகாமல் போகும். எஸ்டிஆர்33, எஸ்டிஆர்2எக்ஸ் என்று இரண்டு வடிவங்கள் கேட்கப்பட்டால் எஸ்டிஆர்33ஐயே தேர்ந்தெடுங்கள். மற்றதில் புள்ளி எண்ணுக்கு 4 இடமே உண்டு என்பதால் நீளமான பெயர்கள் அதில் அடங்காது.

இங்கே வரக்கூடிய அறிகுறிகளையும் அவற்றின் காரணங்களையும் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

திரையில் எதுவுமே வராவிட்டால், கேபிளின் கணினி முனையைக் கழற்றி, கருவி இயங்கும்போது அதன் 2ஆம் துளைக்கும் 5ஆம் துளைக்கும் இடையே மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். ஓய்வுநிலையில் இருக்கும் ஆர்எஸ்-232 அனுப்பு கம்பியில் எதிர்மறை மின்னழுத்தம் இருக்கும். 2இல் இல்லாமல் 3இல் அது தெரிந்தால் கம்பிகள் குறுக்காக மாறியிருக்கின்றன என்று பொருள், நல் மோடம் (null modem) எனப்படும், 2ஐயும் 3ஐயும் குறுக்காக மாற்றும் இணைப்பி ஒன்றை இடையில் சேர்த்தால் சரியாகும். சில கருவிகள் அனுப்பும் கட்டளை தந்த பிறகே போர்ட்டுக்கு மின்சாரம் தரும் என்பதால், அனுப்பச் சொல்லிவிட்டும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

முழுவதும் பொருளற்ற குறிகளாக வந்தால் பாட் ரேட் பொருந்தவில்லை. பாதி சரியாகவும் பாதி பிழையாகவும் வந்தால் அது வேறு நோய். கருவி 7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டியில் அனுப்ப, கணினி 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை என்று படித்தால், 0, 3, 5, 6, 9 ஆகிய இலக்கங்கள் சரியாகவும் 1, 2, 4, 7, 8 ஆகியவை விசித்திரக் குறிகளாகவும் தோன்றும். ஏனென்றால் பின்னவற்றின் குறியீட்டில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் 1 பிட்டுகள் இருப்பதால், அவற்றைச் சமன்செய்யச் சேர்க்கப்படும் பாரிட்டி பிட்டைக் கணினி எழுத்தின் பகுதியாகவே எண்ணிவிடுகிறது. இந்த ஐந்து இலக்கங்கள் மட்டும் கெட்டிருப்பதைக் கண்டால் வேறெதையும் தொடாமல் பாரிட்டியையும் டேட்டா பிட்டையும் மட்டும் மாற்றுங்கள்.

முதல் வரி வந்ததும் கருவி நின்றுபோய், சிறிது நேரத்தில் பிழைச் செய்தி தந்தால், ஒவ்வொரு பதிவுக்கும் கணினி ஒப்புதல் அனுப்ப வேண்டும் என்று அது காத்திருக்கிறது. டாப்கான் கருவிகளில் இது நிகழும். அவற்றின் ஏசிகே (ஒப்புதல்) அமைப்பைத் தவிர்க்கும் நிலைக்கு மாற்றலாம், அல்லது அந்த நெறிமுறையை அறிந்த மென்பொருளைப் பயன்படுத்தலாம். தரவு நடுவில் எங்கோ விடுபட்டிருந்தால் ஃப்ளோ கண்ட்ரோல் இரு பக்கமும் ஒன்றாக இல்லை என்று கொள்ளுங்கள்.

8. கோப்பைப் படித்துச் சரிபாருங்கள்

வந்த கோப்பின் ஒரு படியை வேறிடத்தில் சேமித்துவிட்டு, மற்றொரு படியில் மட்டும் வேலை செய்யுங்கள். எஸ்டிஆர்33இல் 08 என்று தொடங்கும் வரிகள் ஆயத்தொலைவுகள், 09 என்று தொடங்குபவை தூரமும் கோணமும் அடங்கிய மூல அளவீடுகள். 08 வரியில் முதல் 4 எழுத்து பதிவின் வகை. அதன்பின் புள்ளி எண், வடக்கு, கிழக்கு, உயரம், குறிப்பு ஆகியவை ஒவ்வொன்றும் 16 எழுத்து அகலத்தில் இதே வரிசையில் வரும். எக்செலில் நிலையான அகலம் என்னும் முறையில் பிரித்துவிடலாம். லைக்காவின் ஜிஎஸ்ஐ வடிவில் இந்தச் சிக்கல் குறைவு, ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் 81 கிழக்கு, 82 வடக்கு, 83 உயரம் என்று எண்ணே அடையாளம் சொல்லிவிடும்.

எஸ்டிஆர் கோப்பில் வடக்கு முன்னால் வருவதைக் கவனிக்காமல், அதை அப்படியே ஆட்டோகேடின் எக்ஸ் மதிப்பாகக் கொடுத்துவிடுவதே நான் கண்டதில் மிக ஆபத்தான பிழை. வரைபடம் கண்ணாடியில் பார்த்ததுபோல் பிரதிபலித்து வரும். பக்க நீளம் மாறாது, பரப்பளவும் மாறாது. ஆகவே பரப்பளவு பத்திரத்தோடு ஒத்துப்போகிறது என்று நிறைவடைந்துவிடாதீர்கள். வடக்குப் பக்கம் சாலை இருக்கிறதா, கிணறு எந்த மூலையில் இருக்கிறது என்று களக் குறிப்பேட்டோடும் புலப்படத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

புள்ளிகளின் எண்ணிக்கையைக் கருவியின் திரையில் உள்ளதோடு ஒப்பிட்டு, முதல் புள்ளி, கடைசிப் புள்ளி, நடுவில் ஏதேனும் ஐந்து புள்ளிகள் ஆகியவற்றின் மதிப்புகளைக் கருவியின் திரையிலிருந்து படித்துச் சரிபாருங்கள். பிறகு அதே ஜாபை இரண்டாம் முறை அனுப்பி, இரு கோப்புகளும் ஒன்றேதானா என்று பாருங்கள்.

9. கணினியிலிருந்து கருவிக்கு அனுப்பும்போது

கட்டுப்பாட்டுப் புள்ளிகளைக் கருவிக்குள் ஏற்றுவது இதைவிட நுட்பமானது. பழைய கருவி ஒவ்வொரு வரியையும் நினைவகத்தில் எழுதிக்கொள்ள நேரம் எடுக்கும், கணினியோ அதற்காகக் காத்திருக்காமல் கொட்டிவிடும். டெரா டெர்மின் சீரியல் போர்ட் அமைப்பில் வரிக்கு வரி இடைவெளி தரும் வசதி உண்டு. 200 மில்லி வினாடியில் தொடங்கிப் பாருங்கள். புதிதாக ஒரு வெற்று ஜாப் திறந்து, இரண்டே புள்ளிகள் கொண்ட சிறு கோப்பை முதலில் அனுப்புங்கள். அவை கருவியின் திரையில் வடக்கும் கிழக்கும் மாறாமல் தெரிந்த பிறகு முழுக் கோப்பையும் அனுப்பலாம்.

10. நேரத் திட்டம்

பொருள்களை வாங்க ஒரு நாள், கன்வெர்ட்டரை நிறுவிச் சோதிக்க ஒரு மணி நேரம், கேபிளுக்கு அரை மணி நேரம், கருவியின் அமைப்புகளுக்கு ஓர் அரை நாள் என்று முதல்முறைக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள். இதை ஒரு களப்பணிக்குப் பிறகு செய்யாமல், அதற்கு முந்தைய வாரத்தில், வீட்டு மொட்டைமாடியிலிருந்து பத்துப் புள்ளிகள் எடுத்துச் செய்து பாருங்கள். வெற்றி பெற்ற அமைப்பு முழுவதையும், போர்ட் எண் உட்பட, தாளில் எழுதிக் கருவியின் பெட்டி மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். என் பெட்டியில் அந்தத் தாள் ஒட்டிய நாளிலிருந்து ஒரு ஜாபை எடுப்பதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனதில்லை. வரைபடம் வாடிக்கையாளர் கைக்குச் சென்று அவர் ஒப்புக்கொள்ளும்வரை, நினைவகத்தில் இடமிருக்கும் மட்டும், கருவியில் உள்ள ஜாபை அழிக்காதீர்கள்.